தன் கையே தனக்குதவி

மாணவர்களே! நாள்தோறும் காலையில் எழுந்ததும் குழாயைத் திருகுகின்றோம், நீர் வருகின்றது. பொத்தானை அழுத்துகின்றோம், விளக்கு எரிகின்றது. இவை யாவும் தாமே நிகழ்வனபோல நமக்குத் தோன்றுகின்றன. ஆயின், இவை ஒவ்வொன்றன் பின்னும் நாம் காணாத பலருடைய உழைப்பு மறைந்து நிற்கின்றது. அவ்வுழைப்பு ஒருநாள் நம்மை வந்து எட்டாமற் போயின், நாம் என்ன செய்வோம்? இவ்வினாவுக்கு விடை காணவேண்டிய நிலை எங்களுக்கு ஒருமுறை வந்தது.

2016ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12ஆம் நாள் பிற்பகலில், 'வர்தா' என்னும் புயல் சென்னைக்கருகே கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட விரைவோடு காற்று வீசிற்று. ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் முறிந்தன. பழைய வண்ணாரப்பேட்டையில் யான் குடியிருந்த தெருவும் அன்றிரவு இருளில் மூழ்கியது. இருளினும் பெரிய இடர் மறுநாட் காலையில்தான் தெரிந்தது. மின்சாரம் இன்மையால் நீரேற்றும் மோட்டார் ஓடவில்லை. மாடித் தொட்டிகள் ஒவ்வொன்றாக வற்றின. பிடித்து வைத்திருந்த மழைநீர் உலைக்கே போதியதாக இருந்தது. பிறந்து பத்து நாளேயான குழந்தை ஒரு வீட்டில். படுக்கையை விட்டு எழ இயலாத முதியவர் மற்றொரு வீட்டில். துணி அலசவும், பாத்திரம் துலக்கவும் நீருக்கு எங்கே போவது?

தெருக்கோடியில் அடிகுழாய் ஒன்று நெடுநாளாகப் பயனற்றுக் கிடந்தது. இளைஞர் பலர் மாறி மாறி அடித்துப் பார்த்தனர். காற்றின் ஓசை வந்ததேயன்றி ஒரு துளி நீரும் வரவில்லை. அப்பொழுது எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர், கையில் திருகுசாவியோடு வந்தார். அவர் துறைமுகத்துப் பட்டறையில் பிட்டராக வேலைபார்த்து ஓய்வு பெற்றவர்.

"கொஞ்சம் நகர்ந்து நில்லுங்கள், வாத்தியாரே! குழாய்க்கு ஒன்றுமில்லை. உள்ளே தோல் வாசர் காய்ந்து போயிருக்கும், அவ்வளவுதான்" என்றார்.

அவர் குழாயின் தலையைக் கழற்றித் தண்டை வெளியே எடுத்தார். அதன் அடியில் கிண்ணம்போல் வளைந்த ஒரு தோல் துண்டு இருந்தது. காய்ந்து சுருங்கிப் போயிருந்தது. அதனைத் தேங்காயெண்ணெயில் நன்றாக ஊறவைத்தார். ஊறியதும் பழையபடி பொருத்தி, மேலிருந்து ஒரு குடம் நீர் ஊற்றி, என்னையே அடிக்கச் சொன்னார். பத்து அடிகளுக்குள் நீர் குபுகுபுவென்று பொங்கிற்று. அது உவர்நீர்தான், எனினும், அன்று எங்கள் தெருவுக்கு அதுவே கங்கையாயிற்று.

ஒரு தோல் துண்டு எவ்வாறு நீரைக் கொணர்ந்தது? குழாய்க்குள் தண்டு மேலேறும்போது, தோலின் விளிம்பு குழாயின் உட்சுவரோடு ஒட்டி நிற்கவேண்டும். அங்ஙனம் நின்றால், கீழே காற்றின் அழுத்தம் குறையும். அப்பொழுது நிலத்தடி நீரின்மேல் அழுத்தும் வெளிக்காற்று, அந்நீரைக் குழாயினுள் மேலே தள்ளும். தோல் சுருங்கினாலோ, இடைவெளி வழியே காற்றுப் புகுந்துவிடும். எவ்வளவு அடித்தும் பயனில்லை. இதனை அவர் விளக்கியபோது யான் நாணினேன். முப்பதாண்டுகளுக்கு மேலாகச் சொற்களின் வேரை மாணவர்க்கு எடுத்துக்காட்டிய யான், என் தெருக்குழாயின் உள்ளே இருப்பது யாதென அறியாதிருந்தேன்!

எங்கள் இடர் சில நாட்களில் நீங்கிற்று. ஆனால், ஆண்டு முழுவதும் இவ்வாறே வாழ்வோரும் உளர். உலகின் தென்கோடியில், பனி மூடிய அண்டார்க்டிகாவில், நம் நாட்டார் ஆராய்ச்சி நிலையங்கள் அமைத்துள்ளனர். 1983-84ஆம் ஆண்டுக் கோடையில் முதல் நிலையமாகிய தட்சிண கங்கோத்திரி நிறுவப்பட்டது. 1984ஆம் ஆண்டின் குளிர்காலத்தைப் பன்னிருவர் அங்கே கழித்தனர். மிதக்கும் பனித்தட்டின்மேல் அமைந்த அந்நிலையம், நாளடைவில் பனியிற் புதைந்தது. ஆகவே, பாறைநிலத்தில் இரும்புக் கால்களின்மேல் 'மைத்திரி' என்னும் நிலையம் அமைக்கப்பட்டு, 1989ஆம் ஆண்டு முதல் இயங்கலாயிற்று. 'பாரதி' என்னும் மற்றொரு நிலையம் 2012இல் தொடங்கப்பெற்றது.

மைத்திரியில் குளிர்காலத்தைக் கழிப்போர் ஏறத்தாழ இருபத்தைவர். கப்பல் கோடைக்காலத்தில் மட்டுமே வரும். ஏறத்தாழ இரண்டு திங்கள் கதிரவன் எழுவதே இல்லை. உடைந்த பொருளுக்கு மாற்று வாங்கக் கடை இல்லை. அழைத்தால் வரும் கம்மியரும் இல்லை. நீர் வேண்டுமாயின், அருகிலுள்ள பிரியதர்சினி ஏரியிலிருந்து பனிக்கட்டியின் அடியில் உறையாது நிற்கும் நீரை இறைக்க வேண்டும். அது வரும் வழியிலேயே குழாயில் உறைந்துவிடாமற் காக்கவும் வேண்டும். விளக்குக்கும் வெப்பத்துக்கும் எண்ணெயால் ஓடும் மின்னாக்கிகளே துணை. அவை நின்றுவிட்டால் உயிருக்கே இடர். ஆதலால், இரவும் பகலும் ஒருவர் விழித்திருந்து அவற்றைக் கண்காணிப்பர்.

அங்கே சமையலறையைத் துப்புரவு செய்தலும், பாத்திரம் துலக்குதலும், வாயிலில் குவிந்த பனியை வாருதலும் முறைவைத்துச் செய்யப்படும் பணிகளாம். அறிஞர், மருத்துவர், தலைவர் எவராயினும் தம் முறை வந்தபோது துடைப்பத்தைக் கையில் எடுத்தல் வேண்டும். அங்குச் சிறு கவனக்குறைவும் பெருந்தீங்காய் முடியும். 1990ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நிலையத்துக்கு வெளியே முகாமிட்டிருந்த நம்மவர் நால்வர் நச்சுக்காற்றால் உயிர் நீத்தனர். எரிபொருள் எரியும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும் என்னும் பாடம், பனிநாட்டுக்கு மட்டுமன்று, புயல் இரவில் கதவடைத்துக் கரியடுப்பு மூட்டும் நம் வீட்டுக்கும் உரியது.

மாணவர்களே! எங்கள் பேட்டையின் பெயரையே எண்ணிப் பாருங்கள். கிழக்கிந்தியக் கும்பெனியார் கடல்கடந்து விற்ற துணிகளை வெளுத்துக் கொடுத்த தொழிலாளர் குடியிருந்தமையால், இஃது வண்ணாரப்பேட்டை எனப் பெயர் பெற்றது. அரசர் பெயரையோ செல்வர் பெயரையோ தாங்காது, அழுக்கு நீக்கிய கைகளின் பெயரைத் தாங்கி நிற்பது இவ்வூருக்குப் பெருமையே.

ஆகவே, சிறு வேலை என்று எதனையும் இகழாதீர். கிழிந்ததைத் தைக்கவும், ஒழுகும் குழாய்க்கு வாசர் மாற்றவும், தளர்ந்த திருகாணியை முடுக்கவும் இப்பொழுதே கற்றுக்கொள்ளுங்கள். மின்கம்பியையும் எரிவாயுவையும் மட்டும் அறிந்தவர் துணையின்றித் தொடாதீர். தாமே செய்து பார்த்தவருக்குத்தான் பிறர் உழைப்பின் அருமை தெரியும். அன்று என் கையில் ஏறிய காப்பு சில நாட்களில் மறைந்துவிட்டது. அப்பெரியவரிடம் யான் கொண்ட மதிப்போ இன்றும் மறையவில்லை.

பயிற்சி

1. அடிகுழாயில் முதலில் நீர் வராமைக்குக் காரணம் யாது? பெரியவர் அதனை எவ்வாறு சீர்செய்தார்?
2. மைத்திரி நிலையத்தில் வாழ்வோரின் அன்றாடப் பணிகளை ஒரு பத்தியில் எழுதுக.
3. உம் வீட்டில் ஒரு நாளில் நடைபெறும் வேலைகளைப் பட்டியலிடுக. அவற்றுள் நீர் செய்யக் கூடியன எவை?