சுட வைத்தால் போதுமா?

எட்டாம் வகுப்பில் நுண்ணுயிரிகள் பாடத்தை முடித்த மறுவாரம். இரண்டாம் பாடவேளையில் ஒரு மாணவன் திடீரென வாந்தி எடுத்தான். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம், மாலைக்குள் தேறிவிட்டான். காலையில் என்ன சாப்பிட்டான் என்று மருத்துவர் கேட்டார். இரவு மீந்த சோற்றில் முட்டை ஊற்றிக் கிளறிக் கொடுத்ததாக அவன் அம்மா சொன்னார். "நல்லா சூடு பண்ணித்தான் கொடுத்தேன் டீச்சர். சூடு பண்ணா கிருமி செத்துடும்னு நீங்க சொன்னதா இவன்தான் சொன்னான்."

ஆம், நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன். அது பாதி உண்மை. அந்தச் சோறுதான் காரணம் என்று எந்தப் பரிசோதனையும் செய்யப்படவில்லை. ஆனால் இருக்கலாம் என்றார் மருத்துவர். அன்றிரவே மீண்டும் படித்தேன்.

அரிசியில் இயல்பாகவே காணப்படும் 'பேசில்லஸ் சீரியஸ்' என்னும் பாக்டீரியா, வித்துகளை உண்டாக்கும். சோறு வேகும்போது பாக்டீரியா அழிந்தாலும் வித்துகள் பிழைத்துக்கொள்ளும். சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகும்; சில வகைகள் வாந்தியை உண்டாக்கும் நச்சையும் சோற்றில் விடும். காலையில் சுட வைத்தால் பாக்டீரியா சாகும், நச்சு அழியாது. சாப்பிட்ட அரை மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும்.

மறுநாள் பாடத்தைத் திருத்தி நடத்தினேன். உங்கள் வகுப்பிலும் செய்யலாம்.

செயல்பாடு 1: சூடான சோற்றில் பாதியைத் தட்டில் பரப்புங்கள், மீதியைக் குண்டானில் மூடி வையுங்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டின் நடுவிலும் வெப்பநிலையை அளந்து வரைபடம் வரையச் சொல்லுங்கள். பாதரச வெப்பநிலைமானி வேண்டாம். 60 டிகிரி செல்சியஸுக்கும் 5 டிகிரிக்கும் இடைப்பட்ட பகுதியே ஆபத்து மண்டலம். எங்கள் வகுப்பில் தட்டுச் சோறு விரைவில் ஆறியது. குண்டான் சோறு வெகுநேரம் வெதுவெதுப்பாகவே இருந்தது. அந்தச் சோற்றை யாரும் உண்ணக்கூடாது.

செயல்பாடு 2: ஏற்ற சூழலில் ஒரு பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகிறது என்று கொள்வோம். 4 மணி நேரத்தில் எத்தனை? 12 முறை இரட்டிப்பு, 4096. கணக்கு ஆசிரியரும் மகிழ்வார்.

"அப்போ பழைய சோறு டீச்சர்?" என்றாள் ஒரு மாணவி. நல்ல கேள்வி. நீரூற்றிய சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியா வளர்ந்து புளிப்பேற்றுகிறது. அந்தப் புளிப்பு தீய பாக்டீரியா பலவற்றைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் முன்பே உண்டான நச்சைப் புளிப்பும் அழிக்காது. எனவே சோறு ஆறியதும் தாமதிக்காமல், சுத்தமான பாத்திரத்தில், காய்ச்சி ஆற்றிய நீரை ஊற்ற வேண்டும்.

எங்கள் மாணவர் பலரின் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. ஆகவே வீட்டுக்கு மூன்றே செய்திகளை எழுதி அனுப்பினேன்: தேவைக்கு மட்டும் சமையுங்கள், சமைத்த சோற்றை இரண்டு மணி நேரத்துக்குள் உண்ணுங்கள், மூடிக் கிடந்து மீந்த சோற்றைச் சுட வைத்துக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அந்த அம்மாவிடம், தவறு உங்களுடையது அல்ல, நான் பாதியில் நிறுத்திய பாடத்துடையது என்றேன். "இப்ப ராத்திரிக்கு அளந்துதான் உலை வைக்கிறேன் டீச்சர்" என்றார்.

நாம் வகுப்பில் சொல்லும் ஒரு வரி அன்றே அடுப்படிக்குப் போய்விடுகிறது. அது முழு வரியாக இருக்கட்டும்.