வானொலியிலிருந்து பதிந்த பழைய கசெற்றுகளை மீட்கும் முறை

காந்த ஒலிப்பதிவு என்பது, ஒலியிலிருந்து பெறப்பட்ட மின்னோட்டத்தை, இரும்பு ஒட்சைட்டுத் துகள் பூசிய பிளாஸ்ரிக் நாடாவில் காந்த அடையாளமாகப் பதித்து வைப்பதாகும். 1935 இல் ஜேர்மனியின் ஏஇஜி நிறுவனம் பேர்லினில் மக்னற்றோபோன் கருவியைக் காட்சிக்கு வைத்த பின்னர், நிகழ்ச்சியை முன்கூட்டியே பதிந்து, நாடாவை வெட்டி ஒட்டித் திருத்தி ஒலிபரப்பும் வழக்கம் படிப்படியாக வானொலி நிலையங்களில் வேரூன்றியது. ஆயினும் அதே நாடாவை அழித்து மீண்டும் பயன்படுத்த முடிந்தமையால், உலகெங்கும் எத்தனையோ நிகழ்ச்சிகள் தடயமின்றி மறைந்தன. ஆகவே சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ போன்ற இலங்கை வானொலி நாடகமொன்றை வானொலியிலிருந்து நேரே பதிந்த கசெற் யாழ்ப்பாணக் குடாநாட்டு வீடொன்றில் கிடைக்குமாயின், அதனை மூலப்பிரதியாகவே மதித்தல் வேண்டும்.

முதலில், கசெற்றை உடனே ஓட்டிப் பார்க்கும் ஆவலை அடக்குதல் அவசியம். மாரிகால ஈரத்தில் நாடாச் சுருளின் மேல் வெண்பூஞ்சணம் படர்ந்திருந்தால், அதனை ஏனையவற்றிலிருந்து பிரித்து, முகக்கவசம் அணிந்தே கையாள வேண்டும். தவறுதலாக மேற்பதிவு ஆகாதிருக்க, பின்விளிம்பிலுள்ள இரு சிறு பிளாஸ்ரிக் தகடுகளையும் உடைத்துவிட வேண்டும். நாடாவை அழுத்தும் பஞ்சுத்துண்டு கழன்றிருப்பின், நாடாவைத் திருகாணி பூட்டிய வேறொரு கூட்டுக்கு மாற்றலாம்.

அடுத்து, ஓட்டும் கருவியின் காந்த முனையை ஐசோபுறப்பைல் அற்ககோல் நனைத்த பஞ்சினால் துடைத்து, முனையின் சாய்கோணத்தைச் சரிசெய்ய வேண்டும். பதிந்த கருவியின் முனையும் ஓட்டும் கருவியின் முனையும் ஒரே கோணத்தில் இல்லாவிடின் மேல்சுருதிகள் மங்கிவிடும். பலர் நாடா பழுதென்று கைவிடுவதற்கு இதுவே காரணம். முனையருகிலுள்ள சிறு திருகாணியை மிக மெல்லத் திருப்பி, ‘ச’, ‘ஸ’ ஒலிகள் தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துதல் வேண்டும். ஒவ்வொரு கசெற்றுக்கும் இதனைப் புதிதாகச் செய்வதே முறை.

பின்னர், ஒலி வெளியீட்டுத் துளையிலிருந்து கணினிக்கு இணைத்து, 24 பிற், 96 கிலோஹேர்ட்ஸ் அளவில், சுருக்கப்படாத வேவ் கோப்பாகப் பதிய வேண்டும். இரைச்சல் நீக்கும் மென்பொருளை இம்மூலக்கோப்பில் ஒருபோதும் பயன்படுத்தலாகாது. திருத்தங்கள் அனைத்தும் நகலுக்கே உரியவை.

வேகத்திருத்தம் குடாநாட்டில் தனிக் கவனம் கோருவது. 1990களில் மின்சாரமின்றி, சைக்கிள் டைனமோவை மிதித்தே வானொலியும் கசெற்றும் கேட்கப்பட்டன. மிதிப்புத் தளர்ந்து மோட்டர் மெதுவாக ஓடியபோது பதிந்த பகுதி, இன்று சரியான வேகத்தில் ஓட்டும்போது கீச்சுக் குரலாகவும் விரைவாகவும் ஒலிக்கும். நிலையத்தின் முகப்பிசை வேறொரு நல்ல பதிவில் இருந்தால், அதன் சுருதியோடு ஒப்பிட்டு நகலின் வேகத்தைக் குறைக்கலாம். வீட்டு மின்சாரத்தில் பதிந்ததாயின் 50 ஹேர்ட்ஸ் மின்னுறுமல் அளவுகோலாகும்: அது 52 ஆகத் தெரிந்தால், அதே விகிதத்தில் வேகத்தைத் தணிக்க வேண்டும், ஆனால் ஓட்டும் கருவி சேர்க்கும் உறுமல் எப்போதும் 50 இலேயே நிற்குமாதலால், இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

இறுதியாக, நிகழ்ச்சிப்பெயர், குரல்கள், பதிந்த கருவி, கசெற் உறையின் கையெழுத்து ஆகியவற்றைக் கோப்புடன் எழுதி, ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்தும் நூலக நிறுவனத்திடம் ஒரு பிரதியைக் கையளிக்கலாம். கசெற்றையும் வீசிவிடாது, ஒலிபெருக்கியின் காந்தத்திற்கு எட்ட, உலர்ந்த இடத்தில் நிமிர்த்தி வைத்தல் வேண்டும்.