எந்த லேபிள், அம்மிணி?

அன்புள்ள அம்மிணிக்கு, அப்புச்சி எழுதுவது.

பாஸ்டனில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்த சேதியை உன் அம்மா போனில் சொன்னாள். ரத்தப் புற்றுநோயும் நோய் எதிர்ப்பு அணுக்களும்தான் பாடமாம். சந்தோஷம். மும்பையிலும் கூப்பிட்டிருக்கிறார்கள், எது என்று யோசிக்கிறாயாம். யோசி. முடிவு உன்னுடையது, அப்புச்சி குறுக்கே நிற்கப்போவதில்லை. சுப்பாராவைப் பற்றி மட்டும் தெரிந்துகொண்டு முடிவெடு.

எல்லாப்பிரகடா சுப்பாராவ் 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். உடன்பிறந்தவர்களை ஸ்ப்ரூ என்ற வயிற்று நோய்க்குப் பறிகொடுத்தவர். படித்தது நம் சென்னை மருத்துவக் கல்லூரியில். காந்தி சொன்னார் என்று கதர் அங்கியோடு அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பொறுக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் கைக்கு வராமல், அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். துணியால் ஒருவருக்குப் பட்டம் போனது என்றால் திருப்பூர்க்காரனுக்குச் சுருக்கென்று இருக்காதா?

1920-களின் தொடக்கத்தில் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். ஹார்வர்டில் படிப்பு, வயிற்றுப்பாட்டுக்குப் பீட்டர் பென்ட் பிரிகாம் ஆஸ்பத்திரியில் ராத்திரி ஷிப்ட். எம்.பி.பி.எஸ். பாடமெல்லாம் படித்து முடித்த மனிதர் அங்கே நோயாளிகளின் மலச்சட்டியைக் கழுவினார்.

1940-ல் லெடர்லே கம்பெனிக்குப் போனார். யானைக்கால் நோய்க்கு நம் பக்கம் கொடுத்தார்களே டி.இ.சி. மாத்திரை, அதுவும் அவர் குழுவின் வேலைதான். ஆனால் உன் பாடத்துக்கு வேண்டியது அதே குழு உருவாக்கிய அமினாப்டெரின். ரத்தப் புற்று அணுக்கள் கண்மண் தெரியாமல் பெருகுகின்றன. பெருக ஃபோலிக் அமிலம் வேண்டும். அமினாப்டெரின் பார்வைக்கு ஃபோலிக் அமிலம் மாதிரியே இருக்கும், உள்ளே போய் வேலையைக் கெடுத்துவிடும். பாஸ்டன் டாக்டர் சிட்னி ஃபார்பர் அதை 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாகவாவது அடங்கியது. அதுவரை டாக்டர்கள் கைவிரித்த நோய் அது. 1948 ஜூனில் கட்டுரை வெளிவந்தது. ஆகஸ்டில் சுப்பாராவ் தூக்கத்திலேயே போய்விட்டார், 53 வயதில். அந்த வழியில் வந்த மெத்தோட்ரெக்சேட்டைத்தான் இன்றைக்கும் ரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள்.

பெயர் யாருக்கு? ஃபார்பருக்கு. நம் ஊரில் நூல் வாங்கி, பின்னி, சாயம் ஏற்றி, தைத்து, செக்கிங்கும் முடித்து, கடைசியில் பையர் அனுப்பிய லேபிளைக் கழுத்தில் வைத்து ஓட்டுகிறோம். கடையில் எடுப்பவன் படிப்பது அந்தப் பெயரை. சுப்பாராவுக்கு நடந்தது அதுதான். ஃபார்பர் கெட்டவர் என்று அப்புச்சி சொல்லவில்லை. ஆனால் பொழுதெல்லாம் அடுத்தவன் லேபிளை ஓட்டியவனுக்கு இது மனசில் நிற்கும்.

இன்னொன்று. மனைவி சேஷகிரியை ஊரில் விட்டுவிட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை. உன் பெரிய மாமனும் "ரெண்டே வருசம்" என்றுதான் ஏர்போர்ட்டில் சொன்னான். அம்மிச்சி கிடையில் கிடந்தபோது வீடியோ காலில் வந்து அழுதான். அதற்கு மேல் எழுத வேண்டாம், உனக்கே தெரியும்.

மும்பைக்கு வா. ஐ.ஐ.டி.யில் ராகுல் புர்வார் குழுவும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து செய்ததை நீயே போன பொங்கலுக்குத் திண்ணையில் உட்கார்ந்து விளக்கினாய். நோயாளியின் ரத்தத்திலிருந்து டி அணுக்களைப் பிரித்து, வைரஸ் வழியே ஒரு மரபணுவை ஏற்றி, சிடி19 என்ற அடையாளம் உள்ள புற்று அணுவைக் கண்டால் தாக்குகிற மாதிரி மாற்றி, பெருக்கி, திரும்ப உடம்பில் ஏற்றுவது. அதன் பெயர் நெக்ஸ்கார்19. 2023 அக்டோபரில் அனுமதி. எல்லோருக்கும் கேட்கிற மருந்தல்ல. வேறு சிகிச்சை பலிக்காதவர்களுக்கு. அமெரிக்காவில் இதே வகை கிம்ரியா 2017-ல் வந்தபோது 4,75,000 டாலர். இங்கே ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதுவும் நம் பவர் டேபிள் தையல்காரருக்கு எட்டாத காசுதான். ஆனாலும் காஸ்டிங் போட்டே காலம் தள்ளிய அப்புச்சிக்கு இந்த வேலையின் அருமை புரிகிறது.

புர்வாரும் பாஸ்டன் போனவர்தானே என்று மடக்குவாய். ஆமாம், சுப்பாராவ் சட்டி கழுவிய அதே பிரிகாம் ஆஸ்பத்திரிதான், இப்போது வேறு பெயரில். ஆனால் அவர் 2013-ல் மும்பைக்கு வந்துவிட்டார். நம் வீட்டில் அப்படி வந்தவர் யார்?

வேலூர் சி.எம்.சி.யும் இருக்கிறது. 1986-லேயே எலும்பு மஜ்ஜை மாற்றியவர்கள். ஏ.பி.எல். என்கிற ரத்தப் புற்றுக்கு ஆர்செனிக் மருந்தை மட்டும் கொடுத்து, 72 பேரில் 86 சதவீதம் பேருக்கு நோயை அடக்கிக் காட்டியவர்கள். ராத்திரி ரயில் ஏறினால் விடியக்காலை நம் வீடு.

ரொம்பப் பேசிவிட்டார் அப்புச்சி என்று உன் அம்மா முணுமுணுக்கிறாள். கோபித்துக்கொள்ளாதே, கண்ணு. நீ எங்கே போனாலும் இந்த வீட்டுக்கே பெருமை. பாஸ்டன்தான் என்றால் டிக்கெட் செலவு அப்புச்சியுடையது, உன் அப்பனிடம் கேட்க வேண்டாம். அங்கே குளிர் எலும்பைக் கடிக்குமாம். இன்டர்லாக் துணியில் முழுக்கை உள்பனியன் அரை டஜன் வெட்டச் சொல்லி கட்டிங் மாஸ்டரிடம் நேற்றே சொல்லியாயிற்று. மார்பளவும் கை நீளமும் வாட்ஸ்அப்பில் அனுப்பு; வெள்ளிக்கிழமைக்குள் தைத்துவிடுவார்கள். பருப்புப்பொடியும் எள்ளுருண்டையும் அதோடு பார்சலில் வரும்.

அன்புடன்,
அப்புச்சி