மலட்டு மருந்துக் கதையும் தடுப்பூசியும்

கொவிட் தடுப்பூசி போட்டால் பிள்ளை பிறக்காது என்று நமது கரையோர ஊர்களில் எவராவது சொன்னால், 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் நடந்ததைத்தான் நினைக்க வேண்டும். முஸ்லிம் சாப்பாட்டுக் கடையொன்றின் கொத்து ரொட்டியில் மலட்டு மாத்திரை கலந்திருக்கிறது என்ற வதந்தியால் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாக்கட்டி என்று தெரியவந்தது. நம்மைச் சுட்ட அதே பொய்யை நாமே வட்ஸ்அப்பில் பரப்பலாமா? அமெரிக்காவிலும் கனடாவிலும் குழந்தைக்கு முயன்ற 2,000-க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2022-இல் வெளியானது. தடுப்பூசியால் கருத்தரிப்பு குறையவில்லை. கொவிட் தொற்றிய ஆண்களிடம்தான் சில வாரங்களுக்குக் கருவளம் குறைந்திருக்கலாம் என்று அது காட்டியது.

‘கொவிட்டில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களை எரித்த அரசாங்கம் தந்த ஊசியை எப்படி நம்புவது?’ என்ற கேள்வியை நான் இலேசாகக் கடக்க மாட்டேன். 2020 மார்ச் இறுதியிலிருந்து 2021 பெப்ரவரி வரை நீடித்த அந்தக் கொடுமையின் வடு, பிறகு கொவிட் ஜனாஸாக்கள் அடக்கப்பட்ட ஓட்டமாவடி மையவாடியில் இன்னும் இருக்கிறது. ஆனால் அன்று நமக்குத் துணையாக நின்றது எது? அடக்கம் செய்வதில் ஆபத்தில்லை என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலும், அதையே சொன்ன இலங்கை மருத்துவச் சங்கத்தின் நிலைப்பாடும். ஆதாரத்தை மதிக்காததே அன்றைய அரசின் குற்றம். தடுப்பூசிக்கான ஆதாரமோ எந்த அரசாங்கத்தின் வாக்கையும் நம்பி நிற்பதல்ல; பல நாடுகளில், ஒன்றுக்கொன்று பகையான நாடுகளிலும்கூட, தனித்தனியாகத் திரட்டப்பட்டது.

பக்கவிளைவே இல்லை என்பதும் பொய்தான். கொவிஷீல்ட் தடுப்பூசி போட்டவர்களில் ஆறு பேருக்கு இரத்தம் உறைந்ததாகவும் அவர்களில் மூவர் இறந்ததாகவும் 2021 ஏப்ரலில் சுகாதார அமைச்சரே பாராளுமன்றத்தில் சொன்னார். அப்போது ஊசி பெற்றிருந்தவர்கள் ஒன்பது இலட்சத்துக்கும் மேல். அதே ஆண்டு ஓகஸ்ட் பிற்பகுதியில் கொவிட் நாளொன்றுக்கு இருநூறு பேரளவில் உயிர் குடித்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஊசி போட்டும் காய்ச்சல் வந்ததே என்பார்கள், வரும். தொற்றைத் தடுக்கும் வலு சில மாதங்களில் தேய்கிறது. வைத்தியசாலைக்கும் மௌத்துக்கும் கொண்டுபோகும் கடும் நோயைத் தடுக்கும் வலு அதைவிட நெடுநாள் நிற்கிறது.

இன்ஃபுளுவென்சா ஊசியின் கதையும் இதுவே. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் அதை ஆண்டுதோறும் போட வேண்டும். நன்றாகப் பொருந்திய ஆண்டிலும் நோயை 40 முதல் 60 சதவீதம் வரைதான் குறைக்கும். ஊசியிலுள்ளது செயலிழந்த வைரஸ். அதனால் காய்ச்சல் நோய் தொற்றாது; ஆனால் கை வலியும் ஓரிரு நாள் உடம்பு உளைச்சலும் வரலாம். அறுபது தாண்டியவர்கள், நீரிழிவும் இதய நோயும் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு அந்தப் பாதியளவு பாதுகாப்பே பெரிது. உம்றா, ஹஜ் போகிறவர்கள் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். எதிர்ப்புச் சக்தி உருவாக அவ்வளவு நாள் பிடிக்கும்.