டில்லியிலிருந்து லண்டனுக்கு

டில்லியில் ஒரு குடும்பம். மகள் லண்டனுக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறாள். அது ஜனவரி மாதம். அம்மா விமான டிக்கெட்டில் உள்ள எண்களைப் படித்தார்.

"பகல் 2 மணிக்குப் புறப்படும். மாலை 6.30க்கு லண்டனில் இறங்கும். நாலரை மணி நேரம்தானே? இறங்கியதும் போன் செய்."

"இல்லை அம்மா. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள். சூரியன் நமக்கு முதலில் உதிக்கிறது. லண்டனில் பிறகுதான் உதிக்கும். குளிர்காலத்தில் அங்கே கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி இருக்கும். கோடையில் நாலரை மணி நேரம்."

அம்மா விரல் விட்டுக் கூட்டினார். நாலரையும் ஐந்தரையும் பத்து. பயணம் 10 மணி நேரம்!

தூரம் சுமார் 6,700 கிலோமீட்டர். திரும்பி வரும்போது நேரம் குறையும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலத்த காற்று வீசுகிறது. அது விமானத்தைத் தள்ளிக்கொண்டு வரும்.

மகள் புறப்பட்டாள். மாலை 6.30 ஆயிற்று. போன் வரவில்லை. அக்கம்பக்கத்தார் பதறினார்கள்.

"விமானம் இன்னும் வானத்தில்தான் இருக்கிறது" என்றார் அம்மா.

நள்ளிரவு 12 மணி தாண்டியது. போன் மணி அடித்தது.

யோசியுங்கள்: துபாய் கடிகாரம் நம் கடிகாரத்தைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. அங்கே காலை 8 மணி என்றால், இங்கே மணி என்ன?