எலெக்ட்ரிக் கிடாருக்குள் ஒரு கயிறிழுப்பு

1831-ல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல் எலெக்ட்ரிக் கிடாருக்குள் இருக்கிறது, தெரியுமா? 1954-ல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடாரைப் பார்ப்போம். (அவருக்குக் கிடார் வாசிக்கவே தெரியாதாம்!)

ஆறு தந்திகளும் மாட்டியிருக்கும் உலோகத் தகட்டுக்கு பிரிட்ஜ் என்று பெயர். அதில் ஒரு கைப்பிடி உண்டு. அமுக்கினால் பிரிட்ஜ் முன்னால் சாயும், தந்தி தளரும், சுருதி இறங்கும். விட்டால் பழைய இடத்துக்கே வந்துவிடும். எப்படி வருது? கிடாரின் பின்பக்க மூடியைக் கழற்றினால் உள்ளே ஸ்பிரிங்குகள் இருக்கும். ஆறு தந்தியும் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோ எடை தொங்குகிற அளவு இழுக்கும். ஸ்பிரிங்குகள் அதற்கு எதிராக இழுக்கும். விளையாட்டு விழாவில் கயிறு இழுப்போமே, அதே மாதிரிதான். ஆனா இங்கே யாரும் ஜெயிக்கக் கூடாது!

அதனால் ஒரு தந்தியை முறுக்கினால் மற்ற ஐந்தும் லேசாக இறங்கிவிடும். கிடார் கெட்டுப்போச்சு என்று பயப்பட வேண்டாம். எல்லாம் நிலைக்கு வரும்வரை திரும்பத் திரும்பச் சுருதி சேர்க்க வேண்டும். தடித்த தந்தி போட்டால் பிரிட்ஜ் தூக்கிக்கொள்ளும். அப்போது ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும்.

தந்திக்குக் கீழே இருப்பது பிக்கப். காந்தத்தைச் சுற்றி முடியைப் போன்ற செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள். எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் மாறும், சுருளில் மின்சாரம் பிறக்கும். நைலான் தந்தி போட்டால் ஒன்றும் வராது.

பிக்கப்பைத் திருகி உயர்த்தினால் சத்தம் கூடும். அப்போ ஒட்டினாற்போல் வைத்துவிடலாமே என்று தோன்றும். கூடாது! காந்தம் தந்தியையே பிடித்து இழுக்கும். நாதம் சீக்கிரம் அடங்கும், சுருதியும் பிசகும். கடைசிக் கட்டில் தந்தியை அழுத்திப் பிடித்தால் சுமார் 2 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கலாம்.

ஒற்றைச் சுருள் பிக்கப்பில் இன்னொரு தொல்லை, கரண்டின் 'ம்ம்ம்' இரைச்சலும் கேட்கும். 1955-ல் கிப்சன் கம்பெனியின் சேத் லவர் இரண்டு சுருள்களைச் சேர்த்தார். சுற்றும் எதிர், காந்தமும் எதிர். இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், தந்தியின் ஒலி மட்டும் கூடும். 1970-களில் எடி வான் ஹேலன் இந்த இரட்டைச் சுருளை ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி உடலில் தானே பொருத்தினார். சுருள் அதிர்ந்து கீச்சிடாமல் இருக்க அதை உருக்கிய மெழுகில் முக்கி எடுத்தாராம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி