பதவியும் பொறுப்பும்

சாரணர் இயக்கம் இளைஞரைத் தலைமைக்குப் பயிற்றுவது. அமெரிக்காவில் ‘ஸ்டார்’ நிலையை எய்த 4 மாதங்களும், அதன்பின் ‘லைப்’, ‘ஈகிள்’ நிலைகளுக்குத் தனித்தனியே 6 மாதங்களும் சாரணர் பொறுப்பு வகித்தல் வேண்டும். அணித்தலைவர், எழுத்தர், சாமான் காப்பாளர் முதலியன அப்பொறுப்புகளாம். சின்னத்தைச் சட்டையில் தைத்துக்கொள்வது மட்டும் போதாது. கூடாரங்களைச் சரிபார்த்தாரா, வருகைப் பதிவு எழுதினாரா என்பதே வினா.

பொறுப்பேற்கும்போதே சாரண ஆசிரியர் கடமைகளை விளக்குதல் வேண்டும். குறை கண்டால் உடனே உரைத்துத் திருத்துதல் வேண்டும். வாளாவிருந்துவிட்டு, தவணை முடிந்தபின் தகுதியில்லை என மறுப்பது முறையன்று. பதவி கிட்டாதோர், முதலிரு நிலைகளுக்கு, ஆசிரியர் இசைவு பெற்ற பணியொன்றை முன்னின்று நிறைவேற்றலாம்.

ஊர்ப்பணியில் இளைஞரை ஈடுபடுத்தும் நாமும் இதனைக் கைக்கொள்வோமாக: முதலில் கடமையை உணர்த்துவோம், இடையில் துணைநிற்போம், பின்னரே தகுதியை அளப்போம்.